தண்ணீர் கொடுத்து, வந்த சேதி கேட்பது

மேடையில் அமர்ந்திருக்கும் கேட்டி தமிழ் மன்றத்தின் தலைவர் மருத்துவர் ரஞ்சித்குமார் அவர்களே, முன் வரிசையின் இடப்பக்கம் தலை குனிந்து அமர்ந்திருக்கும் எங்கள் மதிப்பிற்குரிய பாலசுப்ரமணியன் சார் அவர்களே, அவருடைய மகன் ஷ்ரேயஸ் அவர்களே, வெஸ்ட் வின்ட்சரிலிருந்தும் பிளசன்டனிலிருந்தும் விமானம் ஏறி வந்திருக்கும் உறவினர்களே, இந்த ஹூஸ்டன் வெயிலில் வேலை நாள் அலுப்பையும் மீறி வந்து நிறைந்திருக்கும் மன்றத்துச் சொந்தங்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முன் வரிசையின் வலப்பக்கம் சிவப்பும் கறுப்புமாக உடுத்தி அமர்ந்திருப்பவர்கள் கானா நாட்டின் அக்கான் பெருமக்கள். அவர்களுக்கு நான் இன்னும் வணக்கம் சொல்லவில்லை. கவனித்திருப்பீர்கள். மறந்துவிடவில்லை. கடைசியில் சொல்கிறேன் என்று அவர்களிடம் முன்பே சொல்லி, பொறுத்துக்கொள்ளும்படியும் கேட்டிருக்கிறேன். நம் மன்றத்துச் சண்முகப்ரியா அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான் பேசுவதைக் காதோடு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார். காரணம் என்ன என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் இந்த உரை முழுவதும்.

இன்று நாம் அஞ்சலி செலுத்தக் கூடியிருப்பது பேராசிரியர் முனைவர் நாகலக்ஷ்மி பாலசுப்ரமணியன் அவர்களுக்கு. திருவல்லிக்கேணியில் பிறந்தவர். கணக்கு படித்தவர். கல்யாணமான கையோடு கணவருடன் கானாவின் குமாசி நகரத்துக்குக் கப்பலேறியவர். பாலு சாருக்கு அங்கே மர ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நாகலக்ஷ்மி மேடத்துக்குப் பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை வேலை. கணக்கு சொல்லிக்கொடுக்கப் போனவர் அந்த மக்களின் வாழ்க்கையைக் கற்றுக்கொண்டு வந்தார். பிறகு அமெரிக்கா வந்து, கணக்கை விட்டுவிட்டு மானிடவியலில் முனைவர் பட்டம் வாங்கினார். ஹூஸ்டனில் ஒரு கல்லூரியில், ஓய்வு பெறும் வரை, ஆப்பிரிக்க மக்களின் சமய நம்பிக்கைகளையும் சமூக வழக்கங்களையும் பாடமாக நடத்தினார்.

கல்லூரிக்கு அவர் பேராசிரியர். நமக்கு யார்? நம் மன்றத்தின் காலாண்டிதழில் 'அவர்கள் வீட்டு வழக்கம்' என்ற தொடரை எழுதியவர். அந்த இதழுக்கு ஆசிரியர் என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். வேலுமணியாகிய நான் வார நாட்களில் எரிவாயுக் குழாய்களோடு மல்லுக்கட்டுகிறவன். வார இறுதியில் நாகலக்ஷ்மி மேடத்தின் கட்டுரையைத் தட்டச்சு செய்து அவரிடம் திட்டு வாங்குகிறவன். திட்டு என்றால் சாதாரணத் திட்டு அல்ல. கணக்கு டீச்சர் திட்டு.

எதற்குத் திட்டு? ஒரே ஒரு சொல்லுக்கு. 'தானே' என்ற சொல்லுக்கு.

ஒரு பொங்கல் விழாவில் அவர் இதே மேடையில் பேசியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அக்கான் மக்கள் நிலத்தில் நீரையோ மதுவையோ ஊற்றி வேண்டும் வழக்கத்தைப் பற்றிப் பேசினார். முதலில் மேலே இருக்கும் கடவுளை அழைப்பார்கள், அடுத்து பூமியை, அதன் பிறகு முன்னோரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று விளக்கினார். பேசி முடிப்பதற்குள் ஒரு கை எழுந்தது. "மேடம், இது நம்ம தர்ப்பணம்தானே?" அது அடங்குவதற்குள் பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல். "எல்லாம் குமரிக்கண்டத்துலேருந்து போனதுதானே மேடம்?" அரங்கமே கைதட்டியது.

அவர் கைதட்டல் ஓயும் வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: "தர்ப்பணத்துல நாம எள்ளும் தண்ணியும் விட்டு அவங்க தாகத்தைத் தணிக்கறோம். அக்கான் வீட்ல முன்னோரைக் கூப்பிட்டு, வீட்ல என்ன நடக்கறதுன்னு சொல்லி, இந்தக் கூட்டத்துல நீங்களும் இருங்கோங்கறா. ரெண்டுலயும் தண்ணி இருக்கு. அதுக்காக ரெண்டும் ஒண்ணு ஆயிடாது. 'தானே'ன்னு சொன்ன நிமிஷமே நீங்க கேக்கறதை நிறுத்திட்டேள்."

அன்று அரங்கம் கொஞ்சம் முகம் சுளித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைதட்டினவர்களைக் கடிந்துகொண்டால் யாருக்குப் பிடிக்கும்?

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆப்பிரிக்கா என்றதும் நமக்கு இரண்டே பழக்கம். ஒன்று, மூடநம்பிக்கை என்று கையை உதறுவது. இன்னொன்று, நம்முடையதுதானே என்று அணைத்துக்கொள்வது. முதலாவது தவறு என்று படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதும் தவறுதான் என்று நமக்குச் சொன்னவர் நாகலக்ஷ்மி மேடம். உதறுகிறவனும் கேட்பதில்லை, அணைக்கிறவனும் கேட்பதில்லை என்பார். அவருடைய கட்டுரையில் 'நம்மைப் போலவே' என்று நான் ஆசையாகச் சேர்த்துவிடுவேன். மெய்ப்புத் தாளில் சிவப்பு மையால் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதுவார்: "இது உங்க ஆசை, வேலுமணி. அவங்க வழக்கம் இல்லை."

சண்முகப்ரியா வீட்டுக் கதையைச் சொல்ல அவரிடமே அனுமதி வாங்கியிருக்கிறேன். அவருக்கு இரட்டைப் பிள்ளைகள். டேகேரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட நைஜீரியப் பெண்மணி, யோருபா இனத்தவர், இரண்டாவதாகப் பிறந்தவனை மூத்தவன் என்றே அழைத்துவந்தார். சண்முகப்ரியாவுக்குக் கோபம். டேகேரை மாற்றிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குக் கோபம். "ஃபார்ம்ல தெளிவா எழுதிக் குடுத்திருக்கேன் மேடம். அப்பவும் மாத்தி மாத்திக் கூப்பிடறாங்க" என்று நாகலக்ஷ்மி மேடத்திடம் புலம்பினார். மேடம் கேட்டார்: "ஏன்னு அந்தம்மாகிட்டக் கேட்டியா?" கேட்கவில்லை. மறுநாள் கேட்டார். யோருபா மக்களுக்கு முதலில் வெளியே வரும் குழந்தை தைவோ. உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து வர அனுப்பப்பட்டவன். அனுப்பியவன் பின்னால் வரும் கெஹிந்தே. வேலை ஏவுகிறவன் எப்படி இளையவனாக இருக்க முடியும்? இன்று அந்தப் பெண்மணி சண்முகப்ரியா வீட்டுப் பிறந்தநாள்களுக்கு வருகிறார். வீட்டுக்குள் யார் மூத்தவன் என்ற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை என்று கேள்வி.

இப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவர், தானே கேட்காமல் விட்ட ஒரு நாளை என்னிடம் சொல்லியிருக்கிறார். தன் வாழ்க்கையையே திருப்பிய நாள் என்பார்.

அக்கான் வீட்டுக்கு ஒருவர் போனால் முதலில் உட்கார வைப்பார்கள். தண்ணீர் கொடுப்பார்கள். குடித்த பிறகு வீட்டுப் பெரியவர், "இங்கே எல்லாம் நலம். பயணம் வந்தவர்கள் நீங்கள். வந்த சேதி என்ன?" என்று கேட்பார். இதை அவர்கள் அமன்னே கேட்பது என்பார்கள். விருந்தாளி வந்த காரணம் ஊருக்கே தெரிந்திருந்தாலும் கேட்பார்கள். கேட்ட பிறகுதான் வந்தவர் வாயைத் திறப்பார்.

நாகலக்ஷ்மி மேடம் குமாசிக்குப் போன புதிதில், வாடகைக்கு வீடு கொடுத்த வீட்டுக்காரர் வீட்டுக்குச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனார். தண்ணீர் வந்தது. கூடவே கேள்வியும் வந்தது: வந்த சேதி என்ன? திருவல்லிக்கேணிப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? வீட்டுக்கு வந்தவர்களைப் பார்த்து எதற்கு வந்தீர்கள் என்று நம் வீட்டில் கேட்போமா? அவமானத்தில் முகம் சிவந்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

சில நாள் கழித்து அந்த வீட்டார் இவர் வீட்டுக்கு வந்தார்கள். வீட்டுக்காரரின் தம்பி, வீட்டுப் பெரியம்மா மாமே யா, இன்னும் ஒருவர். மேடம் மனக்கசப்பையெல்லாம் மறந்து அருமையாக உபசரித்தார். முறுக்கு கொடுத்தார். காபி கொடுத்தார். மதராஸைப் பற்றிப் பேசினார். மழையைப் பற்றிப் பேசினார். எல்லாம் பேசினார். எதற்கு வந்தீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அது மரியாதைக்குறைவு அல்லவா? அவர்கள் காத்திருந்து, காத்திருந்து, எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் வகுப்பில் அந்த வீட்டு மாணவி ஒருத்தி மெல்லிய குரலில் சொன்னாள்: "டீச்சர், எங்கள் தாத்தா இறந்துவிட்டார். சொல்வதற்குத்தான் நேற்று வந்தார்கள்."

இதை என்னிடம் சொல்லும்போதெல்லாம் மேடம் இப்படித்தான் முடிப்பார்: "வாயில துக்கத்தை வெச்சுண்டு உக்காந்திருந்தா வேலுமணி. நான் அந்த வாய்ல முறுக்கைப் போட்டேன்."

அன்று மாலையே அவர் அந்த வீட்டுக்குப் போனார். உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். அவர்கள் கேட்கும் வரை வாய் திறக்கவில்லை. கேட்டதும் அழுதார். தெரியாமல் செய்துவிட்டேன் என்றார். மாமே யா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நீ என்ன கிழமையில் பிறந்தாய்?

அக்கான் மக்களில் பிறந்த கிழமையே முதல் பெயர். நாகலக்ஷ்மி மேடத்துக்கோ நட்சத்திரம் தெரியும், லக்னம் தெரியும், கிழமை தெரியாது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊருக்கு எழுதிக் கேட்டார். அம்மா திதி, யோகம், கரணம் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் போனால் போகிறதென்று வெள்ளிக்கிழமை என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தார். வெள்ளிக்கிழமைப் பெண் அஃபுவா. அன்று முதல் அவர் அந்த வீட்டில் அஃபுவா. எங்கள் வீட்டுப் பெண் என்று ஊரைக் கூட்டிச் சொன்னார் மாமே யா.

வெறும் வாய்ப்பேச்சு என்று நினைக்காதீர்கள். மழை பொய்த்துக் காடுகள் பற்றி எரிந்து கானாவே பட்டினி கிடந்த வருடம் ஒன்று வந்தது. அந்த வருடம் மாமே யா வீட்டு மரவள்ளிக்கிழங்கில் பங்கு, கேட்காமலேயே இவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. "அவங்க பசங்களுக்கே பத்தாது. அதுலேருந்து வரும்" என்பார் பாலு சார். அந்தக் கிழங்கைத் தின்றுதான் மேடம் பிள்ளை பெற்றார். அந்தப் பிள்ளைதான் ஷ்ரேயஸ்.

ஷ்ரேயஸ், உங்களுக்கு எட்டாம் நாள் பெயர் சூட்டியபோது நடந்ததை உங்கள் அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார். மாமே யா உங்களை மடியில் வைத்துக்கொண்டு நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தார். தண்ணீர் என்றால் தண்ணீர் என்று சொல் என்றார். அடுத்து ஒரு சொட்டு மது. மது என்றால் மது என்று சொல் என்றார். உள்ளதை உள்ளபடி சொல்லும் மனிதனாக வளர வேண்டும் என்பது அதன் பொருள். பாலு சார் பதறிப்போய், "கொழந்தைக்கு ஜின்னா?" என்று எழுந்தே நின்றுவிட்டாராம். சார் இப்போது சிரிக்கிறார். இத்தனை நாளில் அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

அன்பர்களே, இனி நான் சொல்லப்போவது அவர் மறைந்த மறுநாள் நடந்தது.

பாலு சார் வீட்டில் உறவினர்கள் கூடியிருந்தார்கள். நான் ஷ்ரேயஸை அழைத்துவர விமான நிலையம் போயிருந்தேன். அந்த நேரத்தில் இந்த அக்கான் பெரியவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் ஓபான்யின் க்வாக்கு. ஓபான்யின் என்பது மூத்தோருக்குத் தரும் பட்டம். அவருக்குப் பின்னால் அகோசுவா அம்மையார். அன்று வகுப்பில், தாத்தா இறந்துவிட்டார் என்று டீச்சரிடம் சொன்ன அதே மாணவி. இன்று ஹூஸ்டனில் செவிலியர். டீச்சரின் கடைசி மாதங்களில் விடுமுறை நாளெல்லாம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவர்.

வந்தவர்கள் எல்லோருக்கும் கை கொடுத்தார்கள். உட்கார்ந்தார்கள். காத்திருந்தார்கள்.

துக்க வீட்டில் நாம் என்ன செய்வோம்? வந்தவர்களை வாங்க என்று சொல்ல மாட்டோம். போகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். சாப்பிட, குடிக்க உபசரிக்க மாட்டோம். அது நம் வழக்கம், அதில் தவறில்லை. காஸ்ட்கோவிலிருந்து வாங்கிவந்த தண்ணீர் பாட்டில்கள் சுவரோரம் அட்டையோடு இருந்தன. வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக் கையில் கொடுக்க யாரும் இல்லை. பாலு சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உறவினர்கள் மரியாதையாகத்தான் மௌனமாக இருந்தார்கள். வந்தவர்களும் மரியாதையாகத்தான் மௌனமாக இருந்தார்கள். இந்த இரண்டு மரியாதைகளுக்கும் இடையில் நின்று பேசக்கூடியவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் ஃப்யூனரல் ஹோமில் படுத்திருந்தார்.

நானும் ஷ்ரேயஸும் காரை நிறுத்தும்போது அவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அகோசுவா அம்மையார் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "அவர்கள் எங்களைக் கேட்கவே இல்லை, மிஸ்டர் வேலுமணி." நான் உடனே, இப்போது சொல்லுங்கள், என்ன விஷயம் என்று கேட்டேன். அவர் தலையசைத்தார். "கார் பக்கத்தில் நின்று சொல்லும் விஷயம் அல்ல" என்றார். மாமே யா இவருடைய பாட்டி. அன்றைக்குப் பாட்டி மேடத்தின் வீட்டிலிருந்து சொல்லாமல் திரும்பினார். இன்றைக்குப் பேத்தி அதே மேடத்தின் வீட்டிலிருந்து சொல்லாமல் திரும்பினார்.

அதோடு விட்டார்களா? நம் வாட்ஸ்அப் குழு விடுமா? ஆப்பிரிக்கர்கள் உடலைக் கேட்டு வந்தார்கள் என்று ஒருவர். ஏதோ சடங்கு செய்யப் போகிறார்களாம் என்று இன்னொருவர். மேடம் இருந்திருந்தால் எத்தனை சிவப்பு மை செலவாகியிருக்கும்?

அவர்கள் எதைக் கேட்க வந்தார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும். மேடமே என்னிடம் சொல்லியிருக்கிறார். அக்கான் மக்களுக்குக் குடும்பம் என்பது அபுசுவா, தாய்வழிக் குடும்பம். பிள்ளை தாயின் குடும்பத்தைச் சேரும். இறந்தவருக்குத் துக்கம் நடத்தும் உரிமையும் பொறுப்பும் அந்தக் குடும்பத்துக்குத்தான். இதைச் சொல்லும்போதே கேரளத்தை இழுத்து ஒரு 'தானே' என் நாக்கு நுனிக்கு வருகிறது. விழுங்கிக்கொள்கிறேன். உடல் இல்லாமலும், எரித்த பின்னும், தனியாக ஒரு நாள் குறித்துத் துக்கம் நடத்துவது அவர்களிடம் உண்டு. "நான் போனப்பறம் அவா வருவா. அஃபுவாவுக்கு ஒரு நாள் துக்கம் நடத்தணும், எங்க செத்தவாளோட அவ பேரையும் சேத்துக் கூப்பிடணும்னு கேப்பா. பாலு பயந்துக்காம இருக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். யாருடைய பெயரை வேண்டுமானாலும் அவர்கள் அப்படி அழைத்துவிடுவதில்லை. நன்றாக வாழ்ந்தவர் பெயரைத்தான் அழைப்பார்கள்.

இதை ஷ்ரேயஸிடம் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. "அங்கிள், எல்லா ரிச்சுவல்ஸும் முடிச்சாச்சு. அப்பா இப்பதான் கொஞ்சம் தூங்கறார். அது அம்மாவோட ரிசர்ச், அங்கிள். அவங்க அம்மாவோட சப்ஜெக்ட். அது எப்படி ஃபேமிலி ஆகும்?"

அன்பர்களே, நாகலக்ஷ்மி என்ற மனிதரின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது. அவர் அந்த மக்களை ஆராய்ந்தாரா, அவர்களோடு வாழ்ந்தாரா? நாம் அவரைப் பேராசிரியர் என்று புகழ்ந்துவிட்டு எழுந்து போய்விட்டால், ஆராய்ந்தார் என்றே முடிந்துவிடும். அந்த மரவள்ளிக்கிழங்கு ஆராய்ச்சிக்குக் கொடுத்த கூலியா? கட்டிலுக்குப் பக்கத்தில் அகோசுவா அம்மையார் உட்கார்ந்திருந்தது ஆராய்ச்சிக்காகவா?

நான் ஷ்ரேயஸிடம் வாதாடவில்லை. பாலு சாரிடம் போனேன். மகன் கேட்டதை அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அவங்க கணக்குப்படி பிள்ளை அம்மாவோட குடும்பம். நாகா அந்த வீட்டுப் பொண்ணுன்னா ஷ்ரேயஸும் அந்த வீட்டுப் பிள்ளை. அங்க நான் மட்டும்தான் வேத்து மனுஷன், வேலுமணி." சொல்லிவிட்டு மகனைக் கூப்பிட்டு, நாக்கில் வைத்த இரண்டு சொட்டுகளின் கதையை முதல் முறையாக அவரே சொன்னார். இத்தனை வருடத்தில் ஷ்ரேயஸ் அதைக் கேட்டதே இல்லையாம். ஜின் கொடுத்தது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் காதில் விழுந்துவிடுமோ என்று வீட்டில் யாரும் பேசவில்லையாம்.

இன்று காலை ஷ்ரேயஸ் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "அங்கிள், இன்னிக்கு அவங்களைக் கேளுங்க. தண்ணி நான் குடுக்கறேன். குடுத்துட்டு, அவங்க பக்கத்துலயே உக்காந்துக்கட்டுமா?"

உட்காருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

பேராசிரியர் நாகலக்ஷ்மி அவர்களுக்கு இந்த மன்றம் என்ன செய்யப்போகிறது? படம் திறந்துவிட்டோம். இரங்கல் தீர்மானமும் போட்டுவிட்டோம். அவை போதாது. 'அவர்கள் வீட்டு வழக்கம்' நிற்காது என்று இதழாசிரியன் என்ற முறையில் இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன். ஆனால் இனி அதை எழுதப்போகிறவர்கள் நாம் அல்ல. கேட்டியில் நம் தெருக்களிலேயே யோருபா வீடுகள் இருக்கின்றன, இக்போ வீடுகள் இருக்கின்றன, அக்கான் வீடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு இதழுக்கும் நம்மில் ஒருவர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவோம். உட்கார்ந்து கேட்போம். அவர்கள் சொல்வதை அவர்கள் பெயரிலேயே தமிழில் போடுவோம். 'தானே' என்று எழுதியதைச் சிவப்பு மையால் அடிக்கும் பொறுப்பை இன்று முதல் நான் ஏற்கிறேன். முதலில் அடிபடப்போவது என் எழுத்துதான்.

இப்போது நான் பாக்கி வைத்த வணக்கத்துக்கு வருகிறேன்.

அக்கான் பெரியவர்களின் சபையில் தலைவர் நேரடியாகப் பேசுவதில்லை. அவர் சொல்லை எடுத்துச் சொல்ல ஒருவர் இருப்பார். ஒச்சியாமே என்று பெயர். பாலு சாருக்கு இன்று குரல் எழாது. அவருடைய ஒச்சியாமேயாக நிற்கும்படி என்னைக் கேட்டிருக்கிறார். பேராசிரியரின் தொடருக்குத் தட்டச்சு செய்தவனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது.

உறவினர்களே, நம் வழக்கத்தையும் நான் மீறவில்லை. துக்க வீட்டில் வாங்க என்று சொல்லக்கூடாது. இது துக்க வீடு அல்ல, மன்றத்தின் கூடம். பதின்மூன்றும் முடிந்துவிட்டது. இங்கே நான் சொல்லலாம்.

வாருங்கள், ஓபான்யின் க்வாக்கு அவர்களே. வாருங்கள், அகோசுவா அம்மையார் அவர்களே. வாருங்கள், பெரியவர்களே. உங்கள் அனைவருக்கும் பாலசுப்ரமணியன் அவர்களின் வணக்கமும், இந்தக் கூடத்தில் இருக்கும் எல்லோருடைய வணக்கமும்.

ஷ்ரேயஸ், எழுந்து வாருங்கள். மேஜையில் தட்டும் டம்ளர்களும் இருக்கின்றன. உங்கள் அம்மாவின் சமையலறையிலிருந்து பாலு சார் எடுத்துவந்தவை. வலது கோடியிலிருந்து தொடங்குங்கள். வலது கையால் கொடுங்கள். அவசரம் வேண்டாம். அவர்கள் குடிக்கட்டும். எல்லோரும் குடித்து முடிக்கும் வரை இந்தக் கூட்டம் பேசாமல் காத்திருக்கும்.

நன்றி, ஷ்ரேயஸ். உட்காருங்கள். ஆமாம், அங்கேயேதான்.

பெரியவர்களே, நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பாலு சாருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் கேட்பது உங்கள் வீட்டு வழக்கம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் இன்று இல்லை. அவருக்காக, அவர் கேட்கத் தவறிய அந்த ஒரு நாளுக்காகவும், நாங்கள் கேட்காமல் விட்ட இன்னொரு நாளுக்காகவும், பாலசுப்ரமணியன் அவர்களின் சொல்லாக இதைக் கேட்கிறேன்.

இங்கே எல்லாம் நலம். பயணம் வந்தவர்கள் நீங்கள். வந்த சேதி என்ன?